குளிர்காலத்தில் மட்டும்

போன வாரம் பத்திரிகை ஆபீஸிலிருந்து போன். பேசியவர் புரூஃப் பார்க்கும் அம்மையார். ஐந்து வருடமாக என் கையெழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர். குரலில் நியாயமான எரிச்சல்.

“சார், ஒரு சந்தேகம். உங்க பத்தியில நான் எப்ப ‘மட்டும்’னு ஒரு வார்த்தை சேர்த்தாலும் அடிச்சுட்டுத் திருப்பி அனுப்புறீங்க. நீங்களா எழுதுறதுலயும் அந்த வார்த்தை வர்றதே இல்லை. அது என்ன பாவம் பண்ணிச்சு?”

“அது ஒண்ணும் பண்ணலைம்மா. நான்தான் பண்ணினேன்” என்றேன்.

“புரியலையே சார்…”

எப்படிப் புரியும்? போனில் சொல்கிற சமாசாரமா அது? ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மூன்று வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ‘எழுதி அனுப்புகிறேன்’ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். நான் தென்காசியில் இங்கிலீஷ் வாத்தியார். குத்துக்கல்வலசைப் பக்கம் சங்கரலிங்கம் அண்ணாச்சி என்பவரின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அண்ணாச்சிக்கு வயல்தான் பிழைப்பு. ஆனால் புதுசாக எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். அந்தத் தெருவில் முதல் ரேடியோ அவர் வீட்டில்தான் பாடியது. முதல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் அவர் வீட்டில்தான் வெடித்தது.

அந்த வருஷம் தை மாதம் இரண்டு ஜோடி உழவு மாட்டையும் விற்றுவிட்டு ஒரு டிராக்டர் வாங்கினார். சின்ன டிராக்டர். கடல் கடந்து வந்தது. ஒற்றை சிலிண்டர், டீசல். பாட்டரி, செல்ஃப் எல்லாம் கிடையாது. முன்பக்கம் ஒரு ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். பக்கத்தில் ஒரு குட்டி லீவர். அதைத் தூக்கிவிட்டால் எஞ்சின் சுற்ற லேசாக இருக்கும். நன்றாக வேகம் பிடித்ததும் லீவரைக் கீழே தட்ட வேண்டும். ‘டுப்’ என்று ஒரு சத்தம்… பிறகு ‘டுப் டுப் டுப்’ என்று ஊரையே எழுப்பிவிடும்.

ஓட்டுவதற்கு? அந்த மாடுகளை ஓட்டிய சுடலையே! முப்பது வயது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கம்பெனி ஆள் ஒரு தடவை செய்து காட்டியதைக் கண்ணாலேயே வாங்கிக்கொண்டான். மாடு போன வீட்டில் உழவனுக்கு என்ன வேலை என்று பயந்துகொண்டிருந்தவன், டிராக்டர் ஸீட்டில் ஏறியதும் நிம்மதியானான். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

கம்பெனி ஆள் போகும்போது இரண்டு சாமான் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று, இங்கிலீஷில் ஒரு புத்தகம். இன்னொன்று, சிகரெட் டின் மாதிரி ஒரு டின். உள்ளே பீடி நீளத்துக்குச் சுருட்டிய நீலக் காகிதங்கள், ஐம்பதோ அறுபதோ. வெடியுப்பில் ஊறவைத்துக் காயவைத்தவை. நுனியில் நெருப்பு வைத்தால் எரியாது, கனிந்துகொண்டே இருக்கும். எஞ்சின் தலையில் ஒரு திருகாணியைக் கழற்றி, அதன் நுனியில் இந்தக் காகிதத்தைச் செருகிப் பற்றவைத்து, திரும்ப முறுக்கிவிட்டால் உள்ளே சூடு இருக்கும். எஞ்சின் சீக்கிரம் பிடிக்கும்.

புத்தகத்தைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு யாருக்கு? மாடியில்தான் ஒரு பி.ஏ. சும்மா உட்கார்ந்திருக்கிறதே!

எழுதினேன். முத்து முத்தாக ஒன்பது வரி. ‘தீத்தாள்’ என்று அந்தக் காகிதத்துக்குப் பெயர்கூட வைத்தேன். புத்தகத்தில் ‘கோல்டு வெதர்’ என்று போட்டிருந்தது. அந்த நேரத்தில் குளிர்ச்சியாக இருந்தால் தீத்தாள் வை என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் ‘குளிர்காலத்தில் தீத்தாள் உபயோகிக்கவும்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். வரி மொட்டையாக நிற்கிற மாதிரி பட்டது. ஓர் அழுத்தம் வேண்டாமா? சேர்த்தேன். ‘குளிர்காலத்தில் மட்டும் தீத்தாள் உபயோகிக்கவும்.’

எங்கள் பள்ளிக்கூடத் தமிழ் ஐயாவிடம் காட்டினேன். “ஓசை நல்லா விழுந்திருக்கு” என்றார். அதற்கு மேல் என்ன சர்டிபிகேட் வேண்டும்? டிராக்டர் ஷெட் சுவரில் சோற்றுப் பசை தடவி ஒட்டியாயிற்று.

அண்ணாச்சி கைகட்டி நின்று கேட்டார். “குளிர்காலம்னா நம்ம ஊருக்கு எது சார்?”

“மார்கழிதான் அண்ணாச்சி.”

“அப்பம் இது மார்கழிக்குத்தான்” என்று டின்னைக் கொண்டுபோய் மதினியிடம் கொடுத்துவிட்டார். மதினி என்றால் அண்ணாச்சியின் மனைவி. மாசி, பங்குனி, சித்திரை… வெயிலில் எஞ்சின் நாலு சுற்றிலேயே கிளம்பியது. தீத்தாளை எல்லோரும் மறந்தே போனோம்.

பிறகு ஆனி வந்தது. ஆடி வந்தது.

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் தென்காசிக்காரனிடம் ‘குளிருதா?’ என்று கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொள்வான். மலையிலிருந்து சாரல் பறந்துகொண்டிருக்கும், குற்றாலத்தில் அருவி கொட்டிக்கொண்டிருக்கும், துவைத்த வேட்டி மூன்று நாளாகக் காயாது. ஆனாலும் அதற்குப் பெயர் குளிர் இல்லை. சீசன்! மெட்ராஸிலிருந்து ஜனங்கள் மப்ளர் கட்டிக்கொண்டு வந்து அனுபவித்துவிட்டுப் போகிற ஒன்றை நாங்களே குளிர் என்று சொல்லலாமா? குளிர் என்பது மார்கழியில் பஜனைக் கோஷ்டியோடு வருவது.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். டிராக்டருக்குத் தெரியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வயலுக்குத் தண்ணீர் முறை. விடியற்காலையில் மடை திறப்பார்கள், உச்சிப்பொழுதுக்கு அடைத்துவிடுவார்கள். அடுத்த முறை எட்டு நாள் கழித்துத்தான். அதற்குள் மூன்று வயலையும் தொளி உழவு உழுது சேறாக்கிவிட்டால் நடவு நட்டுவிடலாம். விட்டால், ஏற்கெனவே வயசு கடந்து நிற்கிற நாற்று முற்றிப்போகும். கார் சாகுபடி அம்பேல். வேறு ஏர் கேட்கலாம் என்றால், தண்ணீர் வந்த அன்று எவன் தன் ஏரை அடுத்தவனுக்குத் தருவான்?

முதல் நாள் சாயங்காலமே சுடலை டிராக்டரைக் கொண்டுபோய் வயல் பக்கம் நிறுத்தியிருந்தான். மேலே ஒரு கோணிச்சாக்கு. ராத்திரி பூராவும் சாரல். காலையில் நான் குடையும் புத்தகமுமாய் வேடிக்கை பார்க்கப் போனபோது மடை திறந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாற்று முடியோடு பன்னிரண்டு பெண்கள் வரப்பில் நின்றார்கள். சுடலை ஹேண்டிலைச் சுற்றினான்.

சுற்றினான்… சுற்றினான். லீவரைத் தட்டியதும் எஞ்சின் ‘புஸ்’ என்று வெள்ளைப் புகை விட்டது. ஒரு தடவை செருமியது. நின்றுவிட்டது. இருபதுக்கு மேல் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் ஒருவர். கண் பட்டிருக்கிறது என்றார் இன்னொருவர். எலுமிச்சம்பழம் வந்தது, சக்கரத்தின் கீழ் வைத்தார்கள். நகர்ந்தால்தானே நசுங்கும்? அது பாட்டுக்கு முழுசாகக் கிடந்தது.

பக்கத்து வயல்காரர் தன் ஏரை நிறுத்திவிட்டு வந்தார். தை மாதம் அண்ணாச்சியின் மாடுகளை வாங்கியவர் அவர்தான்.

“அண்ணாச்சி, நம்ம மாட்டைக் கொண்டாந்து கட்டி இழுத்துப் பாப்பமா? ஒரு பத்தடி இழுத்தா பிடிச்சாலும் பிடிச்சுரும்.”

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் ‘நம்ம மாடு’ என்றாரே… அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். விற்ற மாடு வந்து வாங்கிய டிராக்டரை இழுப்பதா? அதைவிட நாற்று முற்றிப்போகலாம்.

அந்த நேரம் பார்த்து ஹேண்டில் திருப்பி அடித்தது. ‘ஆத்தா!’ என்று சுடலை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

அண்ணாச்சிக்கு அதுவரை அடக்கிவைத்த ஆத்திரம் எல்லாம் அவன்மேல் பாய்ந்தது.

“ஏலே, என்னலே பண்ணி வச்ச இதை? வெயில்ல நல்லாத்தான ஓடிச்சு? ராத்திரி எதையாவது நோண்டுனியோ?”

“ஒண்ணும் பண்ணலை மொதலாளி. சாமி சத்தியமா…”

“மாட்டை ஓட்டுதவன்கிட்ட மிஷினைக் குடுத்ததுக்கு என் புத்தியச் செருப்பால அடிக்கணும். மாடுதான் போயிட்டு. நீயும் போ! நாளையில இருந்து வராதே.”

பன்னிரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுடலை வீங்கிய கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான்? குடையைப் பிடித்துக்கொண்டு ‘எஞ்சின் கிளம்பாவிட்டால்’ என்ற பக்கத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் ஒரு புத்தகம் கையில் இருப்பது பெரிய சௌகரியம்.

நடவுப் பெண்களுக்குத் தலைவி மாதிரி பேச்சியம்மாள் என்று ஒருத்தி. நின்று நின்று கால் கடுத்தோ என்னவோ, டிராக்டரில் சாய்ந்துகொள்ளப் போனாள். எஞ்சின்மேல் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஏ யம்மா! செத்த பொணம் கெணக்கா சில்லுன்னு கெடக்கே! ஏ மொதலாளி, இதுக்குக் குளுருதுவே. ஒரு போர்வையாவது போத்துனீயளா?”

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இதுக்குக் குளுருது.

போய்த் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. புத்தகத்தைத் திருப்பினேன். ‘கோல்டு வெதர்’. மார்கழி என்று எங்கே இருக்கிறது? காலம் என்று எங்கே இருக்கிறது? ‘மட்டும்’ என்று எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அத்தனையும் என் கைச்சரக்கு.

“அண்ணாச்சி, அந்த டின்… தீத்தாள்…”

“அது மார்கழிக்குல்லா சார்?”

“இப்பவும் வைக்கலாம் அண்ணாச்சி” என்றேன். கவனித்தீர்களா? ‘இப்பவும் வைக்கலாம்’. என்னவோ அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி. தப்பு என்னுடையது என்று சொல்ல அது ஒரு நல்ல சந்தர்ப்பம். சுடலை பக்கத்திலேயே நின்றான். நான் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

அடுப்பங்கரையில் மதினி அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கையில் நீலமாய் என்னவோ கனிந்துகொண்டிருந்தது… தீத்தாள்!

“மதினி! இது… இதையா அடுப்புக்கு…”

“ஏன் சார், என்ன இப்பம்? ஆனி பொறந்ததுல இருந்து வெறகெல்லாம் நமத்துல்லா கெடக்கு. தீப்பெட்டியும் பிடிக்க மாட்டேங்கு. இது ஒண்ணை ஓலைக்குள்ள வச்சு ஊதுனா கங்கு மாதிரி பிடிக்கு. மார்கழிக்குத்தான வேணும்னீய? அதுக்குள்ள கம்பெனிக்காரன்கிட்ட எழுதிக் கேட்டா அனுப்ப மாட்டானா?”

ஒன்று கவனிக்க வேண்டும். அந்த வீட்டில் தீத்தாளைச் சரியான காலத்தில் சரியாக உபயோகித்த ஒரே ஆள் மதினிதான். சாரலில் நெருப்புப் பிடிக்கச் சிரமம் என்று அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

டின்னைக் கவிழ்த்தேன். இரண்டு விழுந்தன.

இரண்டையும் சட்டைப்பைக்குள் வைத்து, அதன்மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டு, ஒரு கையால் சைக்கிள் விட்டு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மடைக்காரர் பீடி குடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பீடி நெருப்பில் முதல் தாளை நான் பற்றவைத்தேன். பற்றியது. ஊதினேன், கனிந்தது. திருகாணியின் நுனியில் செருகினேன்… தாள் கை நழுவியது. சொத்தென்று சேற்றில் விழுந்து ‘சுர்’ என்றது.

பாக்கி ஒரே ஒரு தாள்.

“இங்கன குடுங்க சார்” என்று இடது கையை நீட்டினான் சுடலை. வேலையை விட்டு நிறுத்தப்பட்டவன். திருகாணியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, கடைசித் தாளைச் செருகி, பீடியில் பற்றவைத்து, பதறாமல் எஞ்சின் தலையில் முறுக்கினான். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தான். ஹேண்டில் சுற்ற அவனுக்குக் கை இல்லை. எனக்கு அந்தப் பலம் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். டிராக்டர் வாங்கின நாளாக அந்த ஹேண்டிலை அவர் தொட்டதில்லை.

“மொதலாளி, பெருவெரலை மடக்கிப் பிடிக்காதீய. திருப்பி அடிச்சா ஒடிஞ்சு போகும். எல்லா வெரலும் ஒரே பக்கமா இருக்கட்டும்.”

“இப்படியா?”

“ஆங். சுத்துங்க. நிறுத்தாதீய… இன்னும்… இன்னும் வேகமா… மொதலாளி, சுத்துங்க!”

காலையில் துரத்தினவரைத் துரத்தப்பட்டவன் அதட்டிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி மூச்சு வாங்கச் சுற்றினார். சுடலை லீவரில் கை வைத்துக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். படக்கென்று தட்டினான்.

டுப்.

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு நிமிஷமாவது ஒன்றாவது, அரை நொடி இருக்கும். அப்புறம் டுப்… டுப்… டுப் டுப் டுப் டுப்! பேச்சியம்மாள் குலவை போட்டுவிட்டாள். அந்தக் குலவையில் எனக்குக் கண் கலங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணாச்சி முகத்தைத் துண்டால் துடைத்தார். சுடலையைப் பார்த்தார். மன்னிப்பு, வருத்தம் இதெல்லாம் அவர் அகராதியில் கிடையாது.

“என்னலே பாத்துக்கிட்டு நிக்க? ஏறு.”

ஏறினான். ஒற்றைக் கையால் ஓட்டினான். மடை அடைக்கும்போது இரண்டரை வயல் சேறாகியிருந்தது. பாக்கி அரை வயலில் அந்தப் போகம் ஒன்றும் நடவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியிருந்தது. கண்ணேறு கழிந்தது என்றார்கள்.

சாயங்காலம் ஒரு புதுத் தாளும் பசையுமாக ஷெட்டுக்குப் போனேன். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பழைய தாளைக் கிழித்தெடுத்துப் புதியதை ஒட்டினேன். ‘எந்த மாதமானாலும் சரி, எஞ்சின் தொட்டால் சில்லென்று இருந்தால் தீத்தாள் வைக்கவும்.’ மற்ற எட்டு வரியும் பழையபடி. ஒட்டிவிட்டுத் திரும்பினால், டிராக்டருக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பற்றுப் போட்ட கையோடு சுடலை உட்கார்ந்திருக்கிறான்.

“நாலாவது வரி மாறியிருக்கு, என்ன சார்?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உனக்குப் படிக்கத் தெரியாதே?”

“தெரியாது. முன்னால அது கட்டையா இருக்கும். இப்பம் நீளமா இருக்கு. தெனம் ஹேண்டிலு போடையில அந்தத் தாளைத்தான பாத்துக்கிட்டு நிப்பேன்.” சுவரில் இருந்த புதுத் தாளை அண்ணாந்து பார்த்தான். “அந்த வரியிலதான் குளுரு இருந்துச்சோ?”

“ஆமாம் சுடலை.” வெட்கமாக இருந்தது. “நான்… அண்ணாச்சிகிட்ட இப்பவே போய்ச் சொல்லிடறேன்.”

“எதுக்கு சார்? ஏறுன்னு சொல்லிட்டாரு, ஏறிட்டேன். நீங்க போய்ச் சொன்னா நீங்க எறங்கணும். மாடியில இருந்து.”

சொல்லிவிட்டு, வீங்கிய கையைப் பார்த்துச் சிரித்தான். நான் சொல்லவில்லை. அண்ணாச்சி இருந்தவரைக்கும் சொல்லவில்லை. அவன் சொன்னதால்தான் சொல்லவில்லை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய்.

ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு அழகுக்காக ஒரு சொல் தேவைப்படுகிறது. அந்தச் சொல் யாரோ ஒருவன் மணிக்கட்டில் போய் இறங்குகிறது. அவனுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் எந்த வரியிலிருந்து அடி வந்தது என்று தெரிந்துவிடுகிறது.

புரூஃப் பார்க்கும் அம்மையாருக்கு: இந்த வாரம் நீங்கள் எதையும் சேர்க்க வேண்டாம் அம்மா… தலைப்பில் இருக்கிறதே, அந்த ஒன்றை எழுதியதற்கே எனக்கு இன்னும் கை வலிக்கிறது.